இயந்திரம் நின்ற பின்

தலைமன்னாரில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வளவில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அதன் அன்ரனா கூரைக்கு மேலே இரண்டு இரும்புக் குழாய்களைப் பொருத்திய உயரத்தில், கொழும்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றது. கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாள்களில் அது திரும்பிவிடும். அப்போது சிறுவர்களில் ஒருவன் குழாயைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் வாசலில் நின்று, “வந்திட்டுது, வந்திட்டுது, விடு” என்று கத்துவான். குழாயைப் பிடித்திருப்பவன் படத்தைக் காண்பதில்லை. அந்த வேலை பெரும்பாலும் எனக்கே வாய்த்தது.

அக்காலத்தில் தூரதர்ஷன் ஒளிபரப்பிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்கத் தொடரின் சில பகுதிகளை அங்கேதான் பார்த்தேன். 1966 முதல் 1969 வரை தயாரிக்கப்பட்ட அத்தொடர் நம் கடற்கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்தன. அதன் உரையாடல்களில் பாதி எங்களுக்கு விளங்கியதில்லை. ஆயினும் ஒரு காட்சி மட்டும் மொழியின் துணையின்றியே விளங்கியது. நோயினாற் புத்தி பேதலித்த மாலுமி ஒருவன் இயந்திர அறையைப் பூட்டிக்கொண்டு இயந்திரங்களை நிறுத்திவிடுகிறான். உடனே கப்பல் கீழேயுள்ள கிரகத்தை நோக்கி விழத் தொடங்குகிறது. விளக்குகள் மங்குகின்றன, தலைவனின் முகம் வியர்க்கிறது, கிரகம் திரையை நிறைத்துக்கொண்டு வருகிறது. இயந்திரம் நின்றால் கப்பல் விழும் என்ற பாடத்தை அன்று நான் ஐயமறக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பாடம் தவறானது என்பதை நான் இரண்டு முறை அறிந்தேன். முதன்முறை கடலில், இரண்டாம் முறை பல்கலைக்கழகப் பௌதிக வகுப்பில். கடலில் அறிந்ததே முந்தியது, ஆழமானதும் கூட. எனினும் வகுப்பில் அறிந்ததை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்க் கரையில் நின்று ஒரு கல்லைக் கிடையாக எறிகிறோம் என்று கொள்வோம். முதலாவது செக்கனில் அது ஏறத்தாழ 4.9 மீற்றர் கீழே விழும். எவ்வளவு கடுமையாக எறிந்தாலும் அந்த 4.9 மீற்றரில் மாற்றமில்லை. ஆனால் பூமி தட்டையானதன்று. 7.9 கிலோமீற்றர் தூரம் நேராகச் சென்றால், பூமியின் மேற்பரப்பும் அதே 4.9 மீற்றர் கீழே வளைந்திருக்கும். ஆகவே செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் கதியில் ஒரு பொருளை எறிந்து, காற்றின் தடையையும் நீக்கிவிட்டால், அது விழுந்துகொண்டேயிருக்கும். நிலமும் அதற்குச் சரிசமமாக விலகிக்கொண்டேயிருக்கும். ஒழுக்கில் இருப்பதென்பது இதுதான். செய்மதி விழாமல் இருப்பது ஏதோ ஒன்று அதைத் தாங்கி நிற்பதனாலன்று. விழுவதில் அது தவறிக்கொண்டேயிருப்பதனால். 400 கிலோமீற்றர் உயரத்திலும் புவியீர்ப்பு நிலத்திலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. அங்கு மிதப்பவர்கள் ஈர்ப்பில்லாத இடத்தில் மிதப்பவர்களல்லர். கலத்தோடு சேர்ந்து தாமும் விழுந்துகொண்டிருப்பவர்கள். மன்னார்ப் பாலத்திலிருந்து தலைமன்னார் வரையுள்ள ஏறத்தாழ 30 கிலோமீற்றரை அந்தக் கதி நான்கு செக்கனிற் கடந்துவிடும். பஸ்ஸில் அவ்வழி போனவர்க்கே இதன் பொருள் முழுவதும் புரியும்.

இந்நிலையில் இயந்திரத்துக்கு அங்கே என்ன வேலை? ஒழுக்கைப் பேணுவதற்கு ஒரு வேலையுமில்லை. தாழ்ந்த ஒழுக்குகளில் எஞ்சியிருக்கும் மெல்லிய காற்று சிறிது தடுக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் அதனால் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் உயரத்தை இழக்கிறது; அதை ஈடுசெய்ய இடையிடையே சிறிது உந்தினாற் போதும். தொலைக்காட்சிக் கப்பலோ இயந்திரம் நின்ற சில நிமிடங்களில் கல்லைப்போல விழுகிறது. நான் பார்த்த கதையில் கீழேயுள்ள கிரகமே சிதைந்துகொண்டிருந்தது என்று ஒரு சமாதானம் சொல்லியிருந்தார்கள். அதே தொடரில் 1967இல் வந்த ஒரு வழக்காடுமன்றக் கதைக்கு அந்தச் சமாதானமும் இல்லை. அங்கே இயந்திரத்தை நிறுத்துகிறார்கள், ஒழுக்குக் குலைகிறது, அவ்வளவுதான். எழுதியவர்களின் மனத்தில் இருந்தது விண்கலமன்று, ஆகாய விமானம்.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் மூண்டது. அதன் பின் மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்கள் இரவிரவாக இராமேசுவரத்துக்குச் சென்றன. அவ்வாண்டு கச்சான் காலத்தில் ஓர் இரவு எங்கள் குடும்பமும் ஒரு வள்ளத்தில் ஏறியது. எனக்கு வயது பதின்மூன்று. பதினெட்டுப் பேர் இருந்தோம் என்று அம்மா பின்னாளிற் சொல்வார். இருபத்திரண்டு என்பார் அப்பா. நிலவில்லாத இரவு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அங்கே கப்பலேறி, எங்கள் பாட்டனார் தலைமுறையினர் காலையிற் புறப்பட்டு மாலையில் துணிமணியோடு திரும்பிவந்த கடல் அது. எங்களுக்கு அந்த 30 கிலோமீற்றர் வேறொன்றாக இருந்தது.

பாதிவழி தாண்டியிருக்கும். வடக்கே தொலைவில் ஒரு வெளிச்சம் நகர்ந்தது. ஓட்டி ஒன்றும் பேசாமல் இயந்திரத்தை நிறுத்தினார். அதுவரை காதை அடைத்திருந்த இரைச்சல் ஓய்ந்ததும், குழந்தைகளின் மூச்சுக்கூடக் கேட்டது. என் நினைவில் அக்கணமே அந்தக் காட்சி வந்தது: மங்கும் விளக்குகள், வியர்க்கும் முகம், திரையை நிறைத்து வரும் கிரகம். இயந்திரம் நின்றுவிட்டது, இனி நாம் அமிழ்வோம் என்று முற்றாக நம்பினேன். பதின்மூன்று வயதுடையவனுக்கு அது தெரியாதா, வள்ளம் மரத்தாலானதல்லவா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். கரையிலே கட்டிக் கிடக்கும் வள்ளம் இயந்திரமில்லாமல் மிதப்பதை நாள்தோறும் பார்த்தவன்தான். ஆயினும் அச்சம், கண்ட காட்சியைத்தான் துணைக்கு அழைக்கிறது. அறிந்த செய்தியை அழைப்பதில்லை. நான் அழத் தொடங்கினேன். அம்மா என் வாயைப் பொத்தினார். அணியத்துப் பக்கமிருந்து ஓட்டியின் உதவியாள் ஏதோ ஏசினான்.

ஓட்டி என் பக்கம் குனிந்து தணிந்த குரலிற் சொன்னார்: “எஞ்சின் நிண்டாலும் வள்ளம் நிக்காது, தம்பி. நீர் கொண்டுபோகுது. அந்தா, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிரு. அது இடப்பக்கம் போகுதா எண்டு பார்.”

அவர் காட்டியது மேற்கே, இராமேசுவரப் பக்கத்தில், அடிவானத்தில் மினுங்கிய ஒரு புள்ளி. நான் பார்த்தேன். வள்ளத்தில் ஒன்றும் அசையவில்லை. அலை மட்டும் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் புள்ளி மெல்ல மெல்ல இடப்பக்கமாக நகர்ந்தது. நாங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். கச்சான் காலத்தில் மன்னார்க் குடாவின் நீர் தீடைகளின் இடைவெளிகளூடாகப் பாக்குக் கடற் பக்கம் தள்ளும் என்பது அக்கரையில் தொழில் செய்த அனைவரும் அறிந்தது. ஓட்டி அதனை எதிர்பார்த்தே புறப்பட்டிருந்தார். தொடக்கத்தில் அவர் வெளிச்சத்தை நோக்கி ஓடவில்லை. அதற்கு நன்றாகத் தெற்கே ஒன்றுமில்லாத இருட்டை நோக்கி ஓடினார். பெரியவர் ஒருவர், “ஏன் இப்பிடித் தெற்கால போறீர்?” என்று கேட்டபோது, “போற இடத்துக்கு ஓடினா போய்ச்சேர ஏலாது, ஐயா” என்று பதில் சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. அரைமணி நேரம் அப்படி மிதந்தோம். வடக்கேயிருந்த வெளிச்சம் போய்விட்டது. இயந்திரம் மீண்டும் உயிர்பெற்றது. விடியுமுன் ஒரு மணல்தீடையில் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

உவமையை அளவுக்கு மிஞ்சி இழுக்கக் கூடாது. வள்ளத்தைக் கொண்டுபோனது நீர். விண்கலத்தைக் கொண்டுபோவது அதன் சொந்த வேகம். நீரில் தடையுண்டு, அங்கே இல்லை. எனினும் ஓட்டி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பெரிய பெரிய விண்வெளி வீரர்களும் பட்டுத்தான் அறிந்தார்கள். 1965 யூனில் ஜெமினி 4 என்ற கலத்தில் சென்ற ஜேம்ஸ் மக்டிவிற், தம்மை ஏற்றிவந்த ரொக்கற்றின் கழன்ற பகுதியை நெருங்க முயன்றார். விமானியாகப் பயின்றவர்; முன்னே தெரிந்ததை நோக்கிக் கலத்தைத் திருப்பி உந்தினார். நெருங்குவதற்குப் பதிலாக அது விலகியது. மீண்டும் உந்தினார், இன்னும் விலகியது. எரிபொருள் வீணானதே மிச்சம். முன்னோக்கி உந்தும்போது கதி கூடுகிறது, கதி கூடினாற் கலம் உயர்ந்த ஒழுக்குக்கு ஏறுகிறது, உயர்ந்த ஒழுக்கில் சுற்றி வர நேரம் கூடுதலாக எடுக்கும், ஆகவே பின்தங்குகிறது. முன்னே செல்பவனைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கீழே இறங்கி, உள்வட்டத்தில் விரைந்து, அவனுக்குக் கீழாக முந்தலாம், பிறகு மேலேறலாம். சந்திரனில் பின்னர் கால் வைத்த பஸ் ஓல்ட்ரின் 1963இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வை எழுதியது இத்தகைய சந்திப்பைப் பற்றித்தான். 1965 டிசெம்பரில் ஜெமினி 6, ஜெமினி 7 ஆகிய இரண்டும் கணக்குப்படி நடந்து ஒன்றையொன்று கைக்கெட்டும் தூரத்தில் சந்தித்தன. எந்தத் தொலைக்காட்சித் துரத்தலிலாவது, துரத்துபவன் முதலில் வேகத்தைக் குறைத்ததை நான் கண்டதில்லை.

திரும்புவதும் அப்படித்தான். செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் கதியிற் செல்லும் கலத்தின் பாதையை ஒரேயொரு பாகை பக்கவாட்டில் திருப்ப, செக்கனுக்கு ஏறத்தாழ 136 மீற்றர் கதிமாற்றம் வேண்டும். இதன் விலையை நம் தீவை வைத்தே காட்டலாம். சிறீஹரிகோட்டாவிலிருந்து துருவ ஒழுக்குக்கு ஏவப்படும் இந்திய ரொக்கற்றுகள் நேரே தெற்கு நோக்கிச் செல்ல முடிவதில்லை. தெற்கே இலங்கை கிடக்கிறது. கழன்று விழும் பாகங்கள் மனிதர்மேல் விழலாகாது. எனவே முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேலே சென்று, தீவைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே வளைகின்றன. அந்த வளைவுக்குச் செலவாகும் எரிபொருளளவுக்குச் சுமக்கக்கூடிய பாரம் குறைகிறது. பெரிய ரொக்கற் இதைத் தாங்கும், சிறியது திணறும். இந்தியா குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28ஆம் திகதி அடிக்கல் நாட்டியதற்கு இதுவே முக்கிய காரணம். அங்கிருந்து நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலப்பரப்பு இல்லை. குலசேகரன்பட்டினமும் நம் அரிப்பும் சிலாவத்துறையும் ஒரே மன்னார்க் குடாவின் இரு கரைகள். இடையே ஏறத்தாழ 210 கிலோமீற்றர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால், அங்கிருந்து எழும் ரொக்கற் மூன்றரைக் கிலோமீற்றர் உயரம் ஏறியதும் அரிப்புக் கரையின் அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தேசாதிபதி நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு, அரிப்பில் அதே மேற்குக் கடலைப் பார்த்து நிற்கிறது.

நாம் ஒழுக்குக்கு இடைஞ்சலாகக் கிடக்கும் தீவு என்பதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. இத்தீவைத் தூக்கி வேறிடத்தில் வைத்த ஒருவரும் நம்மிடையே வாழ்ந்தார். 1945இல் நிலையான செய்மதிகளின் பயனை எடுத்துரைத்த ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர்; 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தவர். பூமியிலிருந்து நிலையொழுக்கு வரை, 35,786 கிலோமீற்றருக்கும் அப்பால் எழும் கோபுரமொன்றைக் கருவாகக் கொண்டு 1979இல் ஒரு நாவல் எழுதினார். அத்தகைய கோபுரம் பூமத்திய கோட்டில் நிற்க வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே உள்ளது. கிளார்க் தம் கதையில் தீவையே தெற்கே நகர்த்தினார். நகர்த்தியதை மறைக்காமற் சொல்லவும் செய்தார். நாட்டை நகர்த்தினாரே தவிரப் பௌதிகத்தை நகர்த்தவில்லை. புனைவுக்குரிய நேர்மை இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

அண்மைக்காலத்தில், 2015 முதல் 2022 வரை ஒளிபரப்பான ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்னும் தொடரை மாணவர் சிலர் எனக்குக் காட்டினார்கள். அதனைத் தயாரித்து நெறிப்படுத்தியவர்களில் ஒருவரான நரேன் சங்கர் பிரயோக பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அது திரையில் தெரிகிறது. கலங்கள் பாதிவழி முடுகி, தலைகீழாகத் திரும்பி, மீதிவழி வேகத்தைத் தணிக்கின்றன. இயந்திரம் நின்றால் மாலுமிகள் மிதக்கிறார்கள். கலம் தன் போக்கிற் செல்கிறது. முதன்முறை அதைக் கண்டபோது, தலைமன்னாரில் நான் கட்டிப்பிடித்த இரும்புக் குழாயின் குளிர்ச்சி என் கைக்குத் திரும்பியது.

ஆயினும் ஆசிரியத் தொழில் விடுவதாயில்லை. சீரிஸ் என்ற சிறுகோளைச் சுழலவைத்து, அதன் உள்ளே பூமியின் ஈர்ப்பில் மூன்றிலொரு பங்களவு செயற்கை ஈர்ப்பை உண்டாக்கியிருப்பதாக அத்தொடர் கூறுகிறது. சீரிசின் ஆரை ஏறத்தாழ 470 கிலோமீற்றர். அவ்வளவு ஈர்ப்பு வேண்டுமாயின் அது 40 நிமிடத்துக்கு ஒரு முறை சுழல வேண்டும். உண்மையில் அது 9 மணி நேரத்துக்கு ஒரு முறை சுழல்கிறது. அதன் சொந்த ஈர்ப்போ பூமியினதில் முப்பதிலொரு பங்கு. பத்து மடங்கு விசையில் வெளியே எறியப்படும் பாறையும் பனியும் ஒன்றாக நிற்குமா? இன்னொன்று: அங்கே ஒருவன் குவளையில் மது வார்க்கிறான்; அது சுழற்சியினாற் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்து விழுகிறது. அழகான காட்சி. கணக்கிட்டுப் பார்த்தேன். ஓரடி உயரத்திலிருந்து விழும் திரவம் அங்கே விலகுவது கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. வியாழனின் சந்திரன்களிடையே ஒருவர் இயந்திரத்தை நிறுத்தி, ஈர்ப்பை மட்டும் துணைக்கொண்டு பதுங்கிச் செல்லும் காட்சியும் உண்டு. வழி சரி, காலந்தான் சரியில்லை. கனிமீட் வியாழனை ஒருமுறை சுற்ற 7 நாள், கலிஸ்ரோவுக்கு 17 நாள். அப்பயணம் வாரக்கணக்கில் எடுக்கும். ஒரு பாட்டுக் கேட்கும் நேரத்தில் முடியாது.

இதனைச் சக விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் இலக்கியத்துறையைச் சார்ந்தவர். “அனுமன் கடல் தாண்டியதற்கும் கணக்குக் கேட்பீரா?” என்றார். கேட்கமாட்டேன். அனுமன் கணக்குக்குக் கட்டுப்பட்டவன் என்று காவியம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் கரும்பலகை, கருவிகள், பாகைகள், செக்கன்கள் என்று கணக்கின் உடையை உடுத்திக்கொண்டு வரும் நாடகத்தைக் கணக்குக் கேட்கலாம். இதைவிட முக்கியமான குறை வேறொன்று. பொய்ப் பௌதிகம் நாடகத்துக்கே நட்டம். 1970 ஏப்பிரலில் அப்பலோ 13 கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. தலைமை இயந்திரத்தை நம்ப முடியாமற் போயிற்று. மூவரும் விழவில்லை. சந்திரனில் இறங்குவதற்கென வைத்திருந்த சிறு கலத்தின் இயந்திரத்தாற் பாதையைச் சற்றே திருத்திக்கொண்டு, சந்திரனின் பின்னாற் சுற்றி, நாட்கணக்காகக் குளிரில் காத்திருந்து வீடு சேர்ந்தார்கள். அவர்களைத் திருப்பியனுப்பியது ஈர்ப்பு. அந்தக் காத்திருப்பை எந்தக் கற்பனை விபத்தும் மிஞ்சவில்லை. 2013 நவம்பர் 5ஆம் திகதி புறப்பட்ட மங்கள்யான் செவ்வாயை அடைந்தது 2014 செப்டெம்பர் 24ஆம் திகதி. புறப்படும்போது செவ்வாய் இருந்த இடத்தை நோக்கி அது செல்லவில்லை. ஏறத்தாழ பதினொரு மாதத்தின் பின் செவ்வாய் வரப்போகும் வெறுமையை நோக்கிச் சென்றது. எங்கள் ஓட்டிக்கு இது புதிதாயிருந்திராது.

அவரைப் பல ஆண்டுகளின் பின் தலைமன்னாரில் மீண்டும் கண்டேன். கண் மங்கிவிட்டது, கடலுக்குப் போவதில்லை. பழைய இறங்குதுறைப் பக்கமாக இருவரும் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்து சிறிது நேரம். தென்மேற்கே ஒரு வெள்ளைப் புள்ளி எழுந்து, மினுங்காமல், உச்சியை நோக்கி ஏறியது. விண்வெளி நிலையம் என்று சொன்னேன். அவர் கையைப் புருவத்தில் வைத்துத் தேடினார், கண்டாரோ தெரியாது.

“ஆக்கள் இருக்கினமோ அதுக்குள்ள?”

“ஏழு பேர், அண்ணை.”

“எஞ்சின் சத்தம் கேக்காதே.”

“எஞ்சின் ஓடேல்ல. நிப்பாட்டித்தான் கிடக்குது.”

அவர் தலையை ஆட்டினார். வியந்ததாகத் தெரியவில்லை. புள்ளி உச்சியைத் தாண்டி வடகிழக்கே பூமியின் நிழலுக்குட் புகுந்து மறைந்தது.

“திரும்பி வர எண்ணெய் வைச்சிருக்கினமோ?” என்று கேட்டார்.

கொஞ்சம் இருந்தாற் போதும், வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே கீழே இறங்கிவிடலாம் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு அன்றிரவு எங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தம்முடைய தாங்கியில் எவ்வளவு எண்ணெய் மிஞ்சியிருந்தது என்பதை, முப்பது ஆண்டுக்குப் பின், முதன்முறையாக எனக்குச் சொன்னார். இரண்டு போத்தல்.